வண்ணமகளும் மேக்கப்மேனும்

தமிழில் 'வண்ணமகள்' என்றொரு பழைய சொல் இருக்கிறது. பெண்களுக்குக் கோலம் புனைந்துவிடுகிற பெண் என்று அகராதி பொருள் சொல்லும். இன்றைக்கு அதை யாரும் புழங்குவதில்லை. நமக்குத் தெரிந்த சொல் மேக்கப்மேன். விளம்பரப் படப்பிடிப்பில் "மேக்கப்மேன் எங்கப்பா? கூப்பிடு" என்று குரல் வரும். நான் இடுப்பில் பிரஷ் பெல்ட்டோடு போய் நிற்பேன். கூப்பிட்டவருக்கும் உறுத்தாது, எனக்கும் இப்போதெல்லாம் உறுத்துவதில்லை. சென்னையில் ஜவுளிக்கடை கேட்டலாக், நகை விளம்பரம், பத்திரிகை அட்டை, ஃபேஷன் ஷோ என்று 2011 முதல் இந்த வேலையில் இருக்கிறேன். மகளிடம் இருந்த வேலை மேனுடைய வேலையாக ஆனது எப்படி என்று சில வருடங்களாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டையும் கோயிலையும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் செய்தது யார்? சித்தி, அத்தை, அடுத்த வீட்டு அக்கா. தலை பின்னி, பூ வைத்து, ஜடைநாகம் கட்டி, மை தீட்டி முடிக்க அரை நாள் ஆகும். அதற்குக் கூலி கிடையாது, பெயர் கிடையாது. "அவளுக்குக் கைராசி" என்று ஒரு வார்த்தை கிடைத்தால் அதுவே அதிகம். கோயிலில் அதே அலங்காரம் ஓர் உரிமை. அம்மனுக்குப் புடவை சாத்துவதும் சந்தனக் காப்பு இடுவதும் மூக்குத்தி பொருத்துவதும் காலங்காலமாக ஆண்களின் கை. அதற்கு முறை உண்டு, பரம்பரை உண்டு, மரியாதை உண்டு. புடவைக் கொசுவம் வைப்பதில் தமிழ்நாட்டிலேயே தேர்ந்த விரல்கள் சில கருவறைக்குள் இருக்கின்றன. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரே வேலை வீட்டில் பெண்ணின் இயல்பாகவும் கோயிலில் ஆணின் தொழிலாகவும் எண்ணப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லாவற்றிலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

கூத்தில் அரிதாரம் பூசியது ஆண்; பூசிக்கொண்டதும் ஆண். திரௌபதியாக நின்றதும் அவன்தான். கதகளியில் சுட்டி குத்துவது தனிக் கலை. நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருக்க, அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பைத் தாடையோரமாக அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் நடக்கும். அந்த அணியறைக்குள் பெண்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. 1975-இல் திருப்பூணித்துறையில் பெண்களே ஒரு கதகளிக் குழு தொடங்க வேண்டியிருந்தது. இங்கே கும்பகோணத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தியிருக்கிறார். தேவதாசிக் குடும்பத்துப் பெண். அவருடைய நாடகங்களுக்குக் கூட்டம் ரயிலேறி வந்த கதை இன்னும் பேசப்படுகிறது. அவருடைய அழகைப் பற்றியும் பட்டுப்புடவைகளைப் பற்றியும் எழுதிவைத்தவர்கள், மேடைக்குப் பின்னால் யார் யாருக்குப் பூசிவிட்டார்கள் என்று எழுத நினைக்கவில்லை.

சினிமா வந்தபோதும் ஆண்களுக்கே பெண் வேடம். 1913-இல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் அண்ணா சாலுங்கே என்ற ஆண். அதே வருடம் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாயும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தார்கள். கேமராவுக்கு முன்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். பூசுகிற நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் மட்டும் மாறவில்லை. நடிகைக்குப் பெண் உடம்பு வேண்டியிருந்தது. ஒப்பனைக்கு வேண்டியது திறமை, அது ஆணிடம் இருக்கிறது என்று ஒரு தீர்மானம்.

ஜெமினி ஸ்டூடியோவின் ஒப்பனைப் பிரிவைப் பற்றி அசோகமித்திரன் எழுதியிருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே வேலை பார்த்தவர் அவர். அந்த நினைவுகள் ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்ற புத்தகமாக வந்தன. அதிலிருந்து ஒரு பகுதி சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருந்தது. கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் ஒப்பனை அறை. மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பான்கேக். நாயக நாயகிக்குத் தலைமை ஒப்பனைக்காரர், இரண்டாம் கட்ட நடிகர்களுக்கு அவருடைய மூத்த உதவியாளர், நகைச்சுவை நடிகருக்கு இளைய உதவியாளர், கூட்டமாக நிற்பவர்களுக்கு ஆபீஸ் பாய். அந்த 'பாய்'க்கு நாற்பது வயதுக்கு மேல். பல மாநிலத்துக்காரர்கள் சேர்ந்து வேலை செய்த அறை என்று அசோகமித்திரன் லேசான கிண்டலோடு சொல்வார். ஒருமைப்பாடு எல்லாம் சரி, அந்த வரிசையில் ஒரு பெண் இல்லை. பக்கெட்டில் வண்ணம் கரைத்துக் கூட்டத்தின் மேல் அடிக்கிற கடைசிப் படிக்கட்டில்கூட இல்லை. என் அக்கா மகள் அந்தப் பாடத்தைப் பரீட்சைக்குப் படித்தாள். பான்கேக் என்பது என்ன பிராண்ட் என்று கேள்வி வந்ததாம். அறையில் பெண்கள் ஏன் இல்லை என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

பான்கேக் என்றதும் ஹாலிவுட்டுக்கு ஓர் எட்டுப் போய்வர வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவினையின் அச்சு அங்கேயும் இருந்தது. அந்தப் பொருளை 1930-களின் கடைசியில் வண்ணப் படங்களுக்காகக் கொண்டுவந்தவர் மாக்ஸ் ஃபாக்டர், போலந்திலிருந்து போன சவுரிக் கலைஞர். 1917-இல் ஸ்டூடியோவுக்குள் முதல் ஒப்பனைப் பிரிவைத் தொடங்கியவர் ஜார்ஜ் வெஸ்ட்மோர். அவருடைய ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்டூடியோவாக அந்தத் தொழிலை ஆண்டார்கள். தந்தை, தனயன், தம்பி. நம் ஊர்க் கோயில் உரிமைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அங்கே பெண்களுக்கு ஒதுக்கியது தலைமுடி. அதோடு 'பாடி மேக்கப்' என்று ஒரு தனி வகைப்பாடு வைத்திருந்தார்கள். முகம் ஆண் கலைஞருடையது; முதுகு, தோள், கால் என்று மீதி உடம்புக்கு வண்ணம் தடவுவது பெண்ணுடைய வேலை. ஒரே உடம்பில் எல்லைக்கோடு போட்டு வேலியடைத்திருக்கிறார்கள். ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் பெண்கள் மிஷேல் பர்க், சாரா மொன்சானி இருவரும் 1983-இல்தான் மேடையேறினார்கள்.

இந்தியாவில் அந்த வேலி இன்னும் முப்பது வருடம் நின்றது. அதுவும் எழுத்தில்.

மும்பையின் சினிமா உடை, ஒப்பனை, சிகை அலங்காரக் கலைஞர்களின் சங்கம் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ் பதிவானது. அதில் இரண்டு வகை அட்டை. ஒப்பனைக் கலைஞர் அட்டை ஆணுக்கு, ஹேர் டிரெஸ்ஸர் அட்டை பெண்ணுக்கு. அட்டை இல்லாமல் படப்பிடிப்பில் பிரஷ்ஷைத் தொட முடியாது. சாரு குரானா லாஸ் ஏஞ்சலீஸில் ஒப்பனை படித்துத் தேர்ந்து வந்தவர். உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் முடியாது என்று பதில் வந்தது. மகாராஷ்டிராவில் ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற விதியையும் காட்டினார்கள். அனுமதியில்லாமல் வேலை செய்ததற்கு 26,500 ரூபாய் அபராதம் கேட்டார்கள். சங்கத்துச் சோதனை வந்தால் பெண் ஒப்பனைக் கலைஞர்கள் நடிகைகளின் கேரவனுக்குள் ஒளிந்துகொண்ட காலம் அது. நடிகைக்கு முகம் தயாராகி வெளியே வரும். அதைச் செய்த கை வேனுக்குள்ளேயே இருக்கும்.

சங்கத்தின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட காரணத்தை நான் பல தடவை படித்துப் பார்த்தேன். பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பதுதான் அதன் சாரம். இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்காது. பெண்களுக்குத் திறமையில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. வந்தால் வென்றுவிடுவார்கள் என்றார்கள்.

2014 நவம்பர் 10 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் அமர்வு அந்த விதிகளை ரத்து செய்தது. சமத்துவம், விரும்பிய தொழில் செய்யும் உரிமை, வாழ்வுரிமை மூன்றுக்கும் அவை முரண் என்றது. ஐந்து வருட வசிப்பு விதியும் போனது. விண்ணப்பித்த பெண்களை ஒப்பனைக் கலைஞர்களாகவே சேர்க்கச் சொல்லி உத்தரவானது. இந்தியாவின் விண்கலம் செவ்வாயைச் சென்றடைந்த வருடத்தில், ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பவுடர் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது தொடுதல் சமாச்சாரம். பிள்ளைப்பேற்றுக்கு லேடி டாக்டர்தான் வேண்டும் என்போம். ரவிக்கைக்கு ஆண் டெய்லர் அளவெடுத்தால் முகம் சுளிப்போம். அதே சமூகம் நடிகையின் இமையிலும் உதட்டிலும் ஓர் ஆணின் விரல் நாளெல்லாம் படுவதைத் தொழில் என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது சரியே. தொழில்முறைத் தொடுதலுக்கு ஆண் பெண் கிடையாது. நானும் ஆண் மாடல்களின் தாடியோரத்தைச் சரிசெய்தபடிதான் பிழைக்கிறேன். பெண்களை வீட்டில் நிறுத்த எப்போதும் கையிலிருக்கும் 'மானம்' என்ற ஆயுதம், கூலி ஆணுக்குப் போகிற இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் உறைக்குள் போய்விடுகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தீர்ப்புக்கு முன்பு பெண்கள் என்ன செய்தார்கள்? சினிமாவின் வாசல் அடைத்திருந்ததால் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தார்கள். ஒன்று பியூட்டி பார்லரும் மணப்பெண் அலங்காரமும். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியும் திரைச்சீலையும் வைத்துச் சொந்தக் காலில் நின்றது அப்படித்தான். மற்றொன்று போட்டோ ஷூட்டும் ராம்ப்பும். நான் வந்த சந்து அது.

புகைப்பட ஒப்பனைக்குத் தனி வரலாறு இருக்கிறது. மேற்கில் 1950-கள், 60-கள் வரையிலும் மாடல்களே தங்கள் முகத்தைத் தயார்செய்துகொண்டு வருவது சாதாரணம். பையில் சவுரி, செருப்பு, ஒப்பனைச் சாமான் எல்லாம் சுமந்து வந்தார்கள். ட்விக்கி தன் கீழிமையில் தானே கோடு கோடாக வரைந்துகொண்ட இமை முடிகள் உலகம் முழுக்கப் பரவின. அதற்குத் தனிக் கூலி கிடையாது. அழகாக இருப்பது மாடலின் பாடு, அவ்வளவுதான். அழகியலை அமைப்பது தனி வேலை, அதற்குத் தனிச் சம்பளம் என்று ஆன பிறகு பல பெரிய ஆண் பெயர்கள் பத்திரிகைகளில் அச்சேறின. கறுப்பின மாடல்களின் பாடு இன்னும் கஷ்டம். அவர்களுடைய நிறத்துக்குக் கடையில் ஃபவுண்டேஷனே இல்லை. அமெரிக்காவில் யூனிஸ் ஜான்சன் நடத்திய 'எபனி' ஃபேஷன் ஷோக்களில் மாடல்கள் இரண்டு மூன்று குப்பிகளைக் கலந்து தங்கள் நிறத்தைத் தாங்களே காய்ச்சிக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1973-இல் 'ஃபேஷன் ஃபேர்' என்ற நிறுவனம் பிறந்தது. பின்னாளில் பாட் மெக்ராத் என்ற, ஜமைக்காத் தாயின் மகள், எந்தப் பள்ளியிலும் ஒப்பனை படிக்காமல் ராம்ப்பின் பின்னறைகளை ஆண்டு, 2021-இல் பிரிட்டனின் 'டேம்' பட்டம் பெற்ற முதல் ஒப்பனைக் கலைஞரானார்.

இந்தியாவில் 1952-இல் டாடா குழுமம் லாக்மேயைத் தொடங்கியது. வெளிநாட்டு ஒப்பனைப் பொருளுக்குப் போகும் அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்க நேரு விரும்பினார் என்பார்கள். 2000-இல் டில்லியில் முதல் ஃபேஷன் வீக் நடந்தது. பிறகு ஊருக்கொரு ஷோ, வாரத்துக்கொரு கேட்டலாக். இந்த உலகத்தில் அட்டை கேட்கிற சங்கம் எதுவும் கிடையாது. கை சுத்தமாக இருந்து நாலு படம் காட்டினால் வேலை. பெண்கள் வந்தார்கள், திருநங்கைகள் வந்தார்கள். மும்பைத் தீர்ப்பு வந்த அதே 2014-இல், ஏப்ரலில், மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. என்னோடு எட்டு வருடம் வேலை செய்த திருநங்கைத் தோழி ஒருத்தி, "அவங்க கிட்ட ரெண்டு அட்டைதானேடி இருந்துச்சு, எனக்கு எதக் குடுத்திருப்பாங்க?" என்று சிரிப்பாள். கண்ணிமையில் அவள் போடுகிற கோட்டை நான் இன்னும் போட்டு முடித்ததில்லை.

வாசல் திறந்திருந்தது. உள்ளே தரை இல்லை.

என் முதல் கேட்டலாக் ஷூட்டுக்குப் பேசிய கூலி 1,500 ரூபாய். காலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள், 38 புடவை, இரவு பதினொன்றுக்கு முடிந்தது. மூன்று மாடல்கள், ஒவ்வொரு நாலு புடவைக்கும் உதடும் கண்ணும் மாற வேண்டும். பணம் ஏழு மாதம் கழித்து வந்தது, அதிலும் ஐநூறு குறைந்து. யாரிடம் கேட்பது? கடைக்காரர் ஏஜென்சியைக் காட்டுவார், ஏஜென்சி போட்டோகிராபரைக் காட்டும், அவர் தனக்கே வரவில்லை என்பார். இப்போது கூலி கூடியிருக்கிறது. ஆனால் 'கொலாப்' என்று ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது. கூலி கிடையாது, பெயர் போடுவோம் என்று அர்த்தம். கைராசிக்காரி என்று சித்திக்குக் கிடைத்த அதே சம்பளம்.

ஃபேஷன் ஷோவில் பன்னிரண்டு மாடலுக்கு நாலு பேர், ஒன்றரை மணி நேரம். ராம்ப்பில் வெளிச்சம் மேலிருந்து விழும், கண்ணுக்குக் கீழே நிழல் குழிவிழும். அதை நிரப்பத் தெரிய வேண்டும். போட்டோவில் வேறு பாடம். சில பவுடர்களும் சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷன்களும் ஃபிளாஷ் பட்டதும் வெளேரென்று அடிக்கும். மாநிறத்து முகத்தில் அது சாம்பல் பூசின மாதிரி வரும். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே நிறம் பார்த்து, மூன்றைக் கலந்து, இயற்கை வெளிச்சத்தில் ஒரு தடவை சரிபார்த்துத்தான் நாற்காலியிலிருந்து எழுப்புவேன். எழுப்பிய பிறகு மானிட்டர் பக்கத்திலிருந்து சொல்வார்கள், "ரெண்டு ஷேட் ஏத்துங்க மேடம்." ஏற்றுவது என்றால் வெளுக்க வைப்பது. தமிழ்ப் பெண்கள் வாங்கப் போகிற புடவையைத் தமிழ்ப் பெண் நிறத்தில் காட்டக் கூடாது. நிறம் குறைந்தவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-லேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லையே கைவிட்டது. மானிட்டருக்குப் பின்னாலிருக்கிற குரலுக்கு அதெல்லாம் எட்டவில்லை. முடியாது என்று நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் மறுபடி கூப்பிடவில்லை. மும்பையில் ஆண்களுக்கு இருந்தது போல எனக்குப் பின்னாலும் ஒரு சங்கம் நின்றிருந்தால், அந்த 'முடியாது' வேறு மாதிரி கேட்டிருக்கும்.

மலையாள சினிமாவைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது எல்லோரும் படுக்கையறைச் செய்திகளைத்தான் தேடினார்கள். படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்ற பகுதியில் நான் நின்றுவிட்டேன். நானும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி எத்தனையோ நாள் வாய் உலர நின்றிருக்கிறேன். ஒரு திரைத்துறைக்கு அரசு கமிட்டி போடும். ஒருநாள் ஷூட்டுக்கு யார் போடுவார்கள்?

போன வருடத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு, அரைப் பணம் முன்பணம், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்காமல் ஒப்புக்கொள்வதில்லை என்று மூன்று விஷயம் முடிவாகியிருக்கிறது. சங்கமாகப் பதிவுசெய்யலாம் என்று விதிகள் எழுதத் தொடங்கினோம். உறுப்பினர் யார் என்ற முதல் விதியிலேயே மூன்று மாதமாகச் சண்டை. "அறுபது வருஷம் நம்மள வெளியில நிறுத்துனாங்க, இப்ப நாம எதுக்கு அவனுங்களுக்கு அட்டை குடுக்கணும்?" என்கிறார் எங்களில் மூத்தவர். டச்சப் வேலைக்கு வருகிற பையன்கள் எங்களைவிடக் குறைந்த கூலிக்கு நிற்கிறார்கள், அவர்களை வெளியே விட்டால் எங்கள் கூலியும் கீழேதான் போகும் என்பது என் கட்சி. என் திருநங்கைத் தோழிக்கு விதியில் பால் என்ற சொல்லே வரக் கூடாது. அடுத்த கூட்டம் இருபத்தேழாம் தேதி, அவள் வீட்டில்.